சாவி யாரிடம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைப் பேசச் சொன்னபோது இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, தொழில் சம்பந்தமாக ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் யாரும் தூங்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது நம் டிபார்ட்மெண்டில் சில பேராசிரியர்களுக்கே முடியாமல் போன காரியம். (அவர்கள் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.)

தலைப்பையும் அண்ணனே தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த விழாவுக்கான அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பினாராம். "வருகிறோம்" என்று யாராவது எழுதுவதற்கு முன்பே, அனுப்பிய நிமிடத்திலேயே, "நான் தற்சமயம் அலுவலகத்தில் இல்லை" என்று வரிசையாகப் பதில் வந்து விழுந்ததாம். "என்னப்பா, நம்ம ஆளுங்க யாருமே ஆபீஸ்ல இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். அந்தத் தானியங்கிப் பதிலைப் பற்றித்தான் இன்று பத்து நிமிடம் பேசப் போகிறேன். ஆங்கிலத்தில் அவுட் ஆஃப் ஆபீஸ் என்கிறோமே, அது.

பழைய சினிமாவிலும் துணுக்குகளிலும் ஒரு காட்சி வரும். கடன்காரர் வாசலில் நிற்பார். அப்பா உள்ளே இருந்துகொண்டு பையனை அனுப்புவார். பையன் வந்து, "அப்பா வீட்ல இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னார்" என்பான். நம் கம்ப்யூட்டர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்தப் பையன் வாசலுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்தான். கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. வந்தவர் கடன்காரரா, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரா, பக்கத்து வீட்டில் தீப்பிடித்ததைச் சொல்ல வந்தவரா, அதற்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே பதில்.

இதில் நமக்கு எரிச்சல் தருகிற வகைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுபவஸ்தர்கள் தலையாட்டலாம்.

முதல் வகை, காலாவதியான பதில். "ஜனவரி 18ஆம் தேதி திரும்புவேன்" என்று மார்ச் மாதத்தில் வரும். மனிதர் எப்போதோ திரும்பிவிட்டார், பொங்கல் கரும்பும் தீர்ந்துவிட்டது. பதிலை நிறுத்தத்தான் மறந்துவிட்டார். ஜிமெயிலில் முடிவு தேதி போட ஒரு கட்டம் இருக்கிறது. போட்டால் அன்று இரவு 11.59க்கு அதுவே நின்றுவிடும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், நீங்களாக நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, "மின்னஞ்சல் பார்க்கும் வசதி எனக்குக் குறைவாகவே இருக்கும்" என்பது. இது ஒரு காலத்தில் உண்மை. இன்று அதே மனிதர் கொடைக்கானல் ஏரிக்கரையிலிருந்து காலை வணக்கம், மதிய வணக்கம், மாலை வணக்கம் என்று வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பார்ப்பாரா, மாட்டாரா என்று நாம் எதை நம்புவது?

மூன்றாவது, குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிடுவது. "குடும்பத்தோடு பத்து நாள் வடநாட்டு யாத்திரை போகிறேன், என் மேலதிகாரி இன்னார், அவருடைய செல் நம்பர் இது." கம்பெனிக்குள் இருப்பவருக்கு இது தகவல். முன்பின் தெரியாதவருக்கும் இதே பதில் போனால், பத்து நாள் வீடு பூட்டியிருக்கிறது என்றும், யார் பெயரைச் சொல்லி ஏமாற்றலாம் என்றும் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என்று இரண்டு தனிப் பதில்கள் வைக்கும் வசதி மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்சில் 2007 பதிப்பிலேயே வந்துவிட்டது. அந்த இரண்டாவது கட்டத்திலும் முதலாவதையே ஒட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் என் கண்ணில் படுகிறார்கள்.

நான்காவது வகைதான் ஆபத்தானது. "அவசரமானால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும்." அந்த இன்னாருக்கு எழுதினால் அவரும் லீவு. அவருடைய பதில், முதலாமவரைத் தொடர்புகொள்ளச் சொல்லும். நடுவில் நாம் டென்னிஸ் பந்து. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை உருவாக்கினவர்கள் யோசிக்காமல் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1980களில் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'வெக்கேஷன்' என்றே ஒரு சின்ன புரோகிராம் வந்தது. எழுதினவர் எரிக் ஆல்மன். மின்னஞ்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சென்ட்மெயில் என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதியவரும் அவரே. ஆகையால் கடிதம் எப்படியெல்லாம் தப்பாகப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யார் யாருக்குப் பதில் போட்டோம் என்று அந்தப் புரோகிராம் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். ஒருவருக்கு ஒருமுறை சொல்லிவிட்டால், நாம் வேறு மாதிரி சொல்லாத வரை, ஒரு வாரத்துக்கு அவரிடம் திரும்பச் சொல்லாது. கடிதத்தின் 'பெறுநர்' இடத்திலோ 'நகல்' இடத்திலோ நம் பெயர் இருந்தால்தான் வாயைத் திறக்கும். ஊருக்கே போன சுற்றறிக்கைக்கு வாய் திறக்காது.

எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம், வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் "நான் லீவு" என்று சொல்கிற ஒரு யந்திரம். இன்னொரு பக்கம், வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, புகார் எண் இது" என்று சொல்கிற ஒரு யந்திரம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நீங்கள் ஒரு புகார் அனுப்பிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். அது புகார் எண் அனுப்புகிறது. இது "நான் லீவு" என்கிறது. அது அதையும் ஒரு புகாராக எடுத்துக்கொண்டு புது எண் தருகிறது. இது மறுபடி "நான் லீவு" என்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், திங்கள் காலை 9 மணி வரை 63 மணி நேரம், 3,780 சுற்று. நீங்கள் லீவில் இருப்பதைப் பற்றி 3,780 புகார்கள் பதிவாகியிருக்கும்! சனி, ஞாயிறு என்று கூடப் பார்க்காமல் இரண்டு யந்திரங்களும் உழைத்திருக்கும். நடந்த வேலை மட்டும் சைபர்.

இதைத் தடுக்க 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 3834 என்ற பரிந்துரை வந்தது. இண்டர்நெட்டின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் அமைப்பு வெளியிடும் ஆவண வரிசையில் அது ஒன்று. எழுதியவர் கீத் மூர். அதன் சாரம் எளிமையானது. யந்திரம் போடும் பதிலில் "இது யந்திரம் போட்டது" என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளம் இருக்க வேண்டும். அந்த அடையாளத்தோடு வருகிற கடிதத்துக்கு இன்னொரு யந்திரம் பதில் போடக் கூடாது. ஒரே ஆளுக்கு ஒரே பதிலைச் சில நாட்களுக்குள் திரும்ப அனுப்பக் கூடாது. ஏழு நாள் இடைவெளி நல்லது என்கிறது. அதே ஏழு நாள், பாருங்கள். ஜிமெயில் நான்கு நாள் இடைவெளி வைத்திருக்கிறது. ஆக, பிரச்சினைக்கு மருந்து எழுதி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மருந்துச் சீட்டைப் படிக்காமல் புரோகிராம் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தம்பி தங்கைகளே, அந்த லிஸ்டில் நம் கல்லூரிப் பெயர் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யந்திரத்துக்கும் யந்திரத்துக்கும் நடக்கிற சண்டையை இப்படி விதி போட்டு நிறுத்திவிடலாம். யந்திரம் போட்ட பதிலை மனிதன் போட்ட பதிலாக மனிதனே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

2008ஆம் ஆண்டு, பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஸ்வான்சீ என்ற ஊர். அங்கே சாலைப் பலகைகளை ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் எழுத வேண்டும். "கனரக வாகனங்கள் நுழையக் கூடாது, குடியிருப்புப் பகுதி" என்று ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்ப்புக்காக நகராட்சியார் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷ் மொழியில் பதில் வந்தது. ஆகா, என்ன சுறுசுறுப்பு என்று அதையே பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பலகையில் இருந்தது, "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்" என்பது! பலகையைக் கழற்றினார்கள். உலகமே சிரித்தது.

நானும் சிரித்தேன். பிற்பாடு நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைப் பார்த்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. பெயர் வேண்டாம்.

ஆயுத பூஜையை ஒட்டி நாலு நாள் விடுமுறை. ஆலை மட்டும் குறைந்த ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஷிப்டில் இருந்த ஒரு டெக்னீஷியன் தம்பி, கூலிங் வாட்டர் பம்பின் பேரிங் வழக்கத்தைவிடச் சூடாக இருப்பதைக் கவனித்தான். சத்தமும் மாறியிருந்தது. மணிக்கொரு தடவை அளவு எடுத்து, அட்டவணை போட்டு, பராமரிப்பு எஞ்சினியருக்கு மெயில் அனுப்பினான். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்த பையன். உடனே பதில். நல்ல ஆங்கிலத்தில், நன்றி சொல்லி, லீவு என்று சொல்லி, அவசரமானால் இன்னொரு எஞ்சினியரைத் தொடர்புகொள்ளச் சொல்லி. தம்பி அவருக்கும் அனுப்பினான். அவரிடமிருந்தும் உடனே பதில். அவரும் லீவு, அவசரமானால் முதலாமவரைத் தொடர்புகொள்ளவும்.

தம்பி லாக் புக்கில் எழுதிவைத்தான்: "பேரிங் சூடு பற்றி இருவருக்கும் மெயில் அனுப்பப்பட்டது. இருவரிடமிருந்தும் பதில் வந்தது." அடுத்த ஷிப்டுக்காரர் அதைப் படித்தார். பதில் வந்திருக்கிறது என்றால் மேலே தெரிந்திருக்கிறது என்று பொருள். அவர் நிம்மதியாக இருந்தார். அதற்கடுத்த ஷிப்டும் அப்படியே. மூன்றாம் நாள் பேரிங் இறுகிப் பிடித்து, ஷாஃப்ட் கெட்டுப்போய், பம்ப் நின்றது. மாற்றுப் பம்ப் ஏற்கெனவே ஓவர்ஹாலுக்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. இரண்டு நாள் உற்பத்தி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

விசாரணைக் குழுவில் நானும் ஒருவன். எல்லாரும் தங்கள் பக்கத்துக்குக் காகிதம் காட்டினார்கள். மெயில் அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தது. பதில் வந்ததற்கு ஆதாரம் இருந்தது. மாற்று ஆள் பெயர் கொடுத்ததற்கும் ஆதாரம் இருந்தது. எல்லாரிடமும் மெயில் இருந்தது, பம்ப் மட்டும்தான் இல்லை. "ஏம்பா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று தம்பியைக் கேட்டார்கள். அவன் சொன்னான்: "ரெண்டு பேரும் உடனே பதில் போட்டாங்க சார். லீவுல இருந்தாலும் பார்த்துட்டுத்தானே போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்."

அவன் நினைத்ததில் என்ன தப்பு? அந்தப் பதிலில் "இது கம்ப்யூட்டர் போட்ட பதில், உங்கள் கடிதத்தை யாரும் படிக்கவில்லை" என்று ஒரு வரி இல்லை. "தங்கள் மடலுக்கு நன்றி" என்றுதான் இருந்தது. படிக்காத மடலுக்கு என்ன நன்றி? கடைசியில் மெமோ யாருக்கு வந்தது தெரியுமா? அந்தத் தம்பிக்கு. ஆலையில் பேரிங்கைக் கவனித்த ஒரே ஆளுக்கு. அதைத் திரும்பப் பெற வைப்பதற்குள் எங்களில் சிலருக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அன்றிலிருந்து எனக்கு இது வெறும் எரிச்சல் விஷயமாகத் தெரியவில்லை. நம் ஆபீசுகளில் ஒரு வாக்கியம் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது: "நான்தான் மெயில் போட்டேனே சார்!" போட்டவர் கடமை போட்டதோடு முடிந்தது. லீவில் போனவர் கடமை தானியங்கிப் பதிலை வைத்ததோடு முடிந்தது. நடுவில் இருக்கிற வேலையை யார் செய்வது? பொறுப்பு கைமாறினால்தான் லீவு. இல்லாவிட்டால் அது செவிடன் காதில் ஊதிய சங்கு. அதுவும் பதில் சொல்லுகிற செவிடன், அதனால் ஊதியவனுக்குக் கூடத் தெரிவதில்லை.

லீவே போடக் கூடாது, போனாலும் மெயில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. லீவு என்பது உரிமை. பிரான்சில் 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று 2017 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. அப்போது டைம்லர் என்ற பெயரில் இருந்த ஜெர்மன் கார் கம்பெனி 2014இல் இன்னும் ஒரு படி மேலே போனது. லீவில் இருப்பவருக்கு வருகிற மெயிலை, அந்த ஊழியர் விரும்பினால், கம்ப்யூட்டர் அழித்தே விடும். அனுப்பியவருக்கு உடனே பதில் போகும்: அவர் லீவு, உங்கள் மெயில் அழிக்கப்படுகிறது, முக்கியம் என்றால் இன்னாருக்கு எழுதுங்கள், இல்லையென்றால் அவர் திரும்பிய பிறகு அனுப்புங்கள்.

கேட்டவுடன் அராஜகமாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் இதைவிட நாணயமான பதில் கிடையாது. படிக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறார். அனுப்பியவருக்குப் பொய்யான நிம்மதி இல்லை. எங்கள் டெக்னீஷியன் தம்பிக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தால், அடுத்த நிமிடம் போனை எடுத்திருப்பான்.

நம் தபால்காரர்களிடமும் இந்த நாணயம் இருந்தது. பதிவுத் தபால் கொண்டுவந்து வீடு பூட்டியிருந்தால், "கதவு பூட்டியிருந்தது, தகவல் கொடுக்கப்பட்டது" என்று உறைமேல் எழுதி, சீட்டு வைத்துவிட்டுப் போவார். ஏழு நாள் பார்த்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் அந்த முறையில் ஒரு பாடம் இருக்கிறது. போய்ச் சேரவில்லை என்றால், சேரவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதைவிட நல்ல உதாரணம் நம் ஹாஸ்டலிலேயே இருந்தது. செல்போன் வராத காலத்தில் படித்த அண்ணன்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரூமைப் பூட்டிக்கொண்டு போகும்போது கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்களாம்: "ஊருக்குப் போகிறேன். திங்கள் காலை வருவேன். சாவி 14ஆம் நம்பர் ரூமில்." மூன்றே விஷயம். எங்கே, எப்போது வரை, சாவி யாரிடம். அதில் ஒரு நுட்பமும் உண்டு. 14ஆம் நம்பர்காரனிடம் சாவியை உண்மையிலேயே கொடுத்துவிட்டுத்தான் கதவில் எழுத முடியும். கொடுக்காமல் எழுதினால் அன்று ராத்திரி மெஸ்ஸில் உதை விழும். நம் தானியங்கிப் பதிலில் எழுத்து மட்டும் இருக்கிறது, சாவி கைமாறுவதில்லை.

ஆகவே நண்பர்களே, லீவுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாற்று ஆளின் பெயரைப் போடும் முன் அவரிடமே போய், "நான் இல்லாத நாளில் நீ இருக்கிறாயா? இதையெல்லாம் பார்த்துக்கொள்வாயா?" என்று கேளுங்கள். முடிவு தேதியைக் கட்டாயம் போடுங்கள். "இது தானாகப் போகும் பதில், திரும்பி வரும் வரை உங்கள் கடிதத்தைப் படிக்க மாட்டேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் எழுதுகிற இடமாக இருந்தால் அந்த வரி தமிழிலும் இருக்கட்டும். வெளியாருக்குப் போகும் பதிலில் வீட்டுக் கதை வேண்டாம்.

அனுப்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உயிரும் பொருளும் சம்பந்தப்பட்ட விஷயத்தில், ஒரு மனிதக் குரல் "சரி, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் வரை நீங்கள் சொன்னதாகக் கணக்கில்லை. லாக் புக்கில் "மெயில் அனுப்பப்பட்டது" என்று எழுதாதீர்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நாங்கள் அந்த ஆலையில் பிறகு கொண்டுவந்த மாற்றம் இந்த ஒன்றுதான். காசு ஒன்றும் செலவாகவில்லை.

முடிக்கும் முன் நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். இங்கே பின்வரிசையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுத் தம்பி தங்கைகள், பயிற்சி கேட்டும் புராஜெக்ட் கேட்டும் நமக்கு எழுதுகிறார்கள். பல பேர் வீட்டில் மின்னஞ்சல் எழுதும் முதல் தலைமுறை அவர்கள்தான். நாலு தடவை அடித்துத் திருத்தி, ஒரு சீனியரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு நம்மிடமிருந்து போகும் முதல் வார்த்தை ஒரு யந்திரத்தின் வார்த்தையாக இருந்தால் பரவாயில்லை. அதுவே கடைசி வார்த்தையாகவும் இருந்துவிடக் கூடாது. லீவு முடிந்து வந்ததும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். "இடம் இல்லை தம்பி" என்றாவது எழுதுங்கள். சங்கத்தின் பொது முகவரிக்கும் யார் பொறுப்பு, அவர் இல்லாதபோது யார் பொறுப்பு என்று இன்றைய பொதுக்குழுவிலேயே இரண்டு பெயரை எழுதிக்கொள்வோம் என்று செயலாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஒரே நாளில் திருப்பதிக்குப் போகாமல் இருந்தால் போதும்.

பத்து நிமிடம் என்று சொல்லிப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன்.